வழியை வெட்டிய மருமகள்

கோக்-பெல் கணவாயில் நிலக்கரி லாரி ஓட்டுகிற ஒரே பெண் சைராகுல். வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டு வாயைப் பிளந்தால் தெரெக்-சூ ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் வரும். பெண் என்பதற்காகவா அவளைப் பற்றிப் பேசுகிறோம்? அந்த மலையில் ஏறி இறங்குகிற அத்தனை பேரிலும் சொந்தப் பாரத்தில் இன்றுவரை பிரேக் கருகாதவள் அவள் ஒருத்திதான். அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வேண்டுமானால் பெண் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

அவள் லாரியில் ஏறியதே ஒரு வாரத்துக்கு என்றுதான். அவள் கணவன் எர்மெக் டயரைத் தூக்கப் போய் முதுகுத்தண்டு பிசகிப் படுத்துவிட்டான். பனி விழுவதற்குள் ஊருக்குக் கரி வந்து சேர வேண்டிய நேரம். பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிய கை என்பதால் சைராகுல் சாவியை எடுத்தாள். எர்மெக்கின் முதுகு அதற்குப் பிறகு கேபின் குலுக்கலைத் தாங்கவே இல்லை. இப்போது அவன் வீட்டு முற்றத்தில் டயருக்கு ஒட்டுப் போடுகிறான், மாவு பிசைகிறான். போர்சோக் என்கிற மாவுப் பண்டம் அவன் கையால் பொரித்தால்தான் நன்றாக உப்புகிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். இதில் அவனுக்கும் வருத்தமில்லை, அவளுக்கும் இல்லை. வருத்தப்பட்டதெல்லாம் அக்கம்பக்கத்தார்தான்.

அந்த வீட்டில் இன்னொரு லாரியும் உண்டு. அதை ஓட்டுகிறவர் மாமனார் சோரோபாய். கணவாயில் எல்லோருக்கும் மூத்த ஓட்டுநர். கேபினுக்குள்ளும் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். குழியில் இறங்கும்போதெல்லாம் தொப்பி கூரையில் இடித்து மூக்குக்கு வந்துவிடும். ஒரு கையால் அதைத் தூக்கி வைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவைத் திருப்புவார்.

மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது, அவருக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது, அவர் நடந்து வருகிற பாதைக்குக் குறுக்கே போகக் கூடாது என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குறுக்கே போவதற்கு வழியை வெட்டுவது என்று பேர். சைராகுல் அதை லாரிக்கும் சேர்த்து வைத்துக்கொண்டாள். மாமனார் வண்டியை அவள் வண்டி ஒருநாளும் முந்தியதில்லை. சுரங்கத்தில் அவளுக்கு முதலில் கரி கொட்டிவிட்டாலும், வாசலில் ஓரமாக நிறுத்திவிட்டு அவர் புறப்படும் வரை காத்திருப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகவே பிடித்துக்கொண்ட பழக்கம். சோரோபாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் வாசலைத் தாண்டும்போது கண்ணாடியில் அவள் வண்டி பின்னால் வருகிறதா என்று பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார்.

கல்மாத் என்று ஒரு ஓட்டுநர். நாக்கில் நரம்பில்லாதவன். அவன் இதை விடுவானா?

"ஏன் தங்கச்சி, உன் மாமனார் வண்டி நடுவழியில படுத்துட்டா என்ன பண்ணுவே? பின்னாடியே கூடாரம் போட்டு உக்காந்துடுவியா?"

"போடுவேன். உங்க வீட்டுலேர்ந்து கம்பளி வாங்கித்தான் போடுவேன். அண்ணிகிட்ட சொல்லி வைங்க."

அவன் இன்னொன்றுக்கும் அவளைக் கிண்டல் செய்வான். சைராகுல் எந்தக் கியரில் மலையேறுகிறாளோ அதே கியரில்தான் இறங்குவாள். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்க, பிரேக்கைத் தொடாமல் நத்தை மாதிரி வருவாள். மற்றவர்கள் கீழே வந்து, தேநீர் குடித்து, ரொட்டி பிய்த்துத் தின்று, வாய் துடைக்கும்போது அவள் வந்து சேருவாள்.

அவள் அப்படி வருவதற்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிடித்துப்போன ஒரே ஒரு பாடம். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மலை உச்சியில் கிடக்கிற கல் சும்மாதானே கிடக்கிறது, அதற்கு ஆற்றல் இருக்கிறது என்று ஏன் எழுத வேண்டும் என்று அன்று அவள் கேட்டாள். அந்தக் கல்லை நீயே கீழேயிருந்து சுமந்துகொண்டு போயிருந்தால் உன் உழைப்பு எங்கே போயிருக்கும் என்று வாத்தியாரம்மா திருப்பிக் கேட்டார். சைராகுல் யோசித்தாள். எங்கும் போகாது, கல்லோடுதான் இருக்கும். அதற்கு நிலை ஆற்றல் என்று பேர். கல் உருண்டால் அதுவே இயக்க ஆற்றலாகும். நிறுத்தினால் சூடாகும். உருவம் மாறுமே தவிர ஒரு துளியும் காணாமல் போகாது. அந்த வயதில் அவளுக்கு அது ரொம்ப ஆறுதலாக இருந்தது. உலகத்தில் ஒன்றாவது ஏமாற்றாமல் இருக்கிறதே என்று தோன்றியது.

லாரி ஓட்ட வந்த பிறகு அது ஆறுதலோடு நிற்காமல் பயமும் ஆயிற்று. சுரங்கம் கணவாய்க்கு அந்தப் பக்கம். கரியை உச்சிவரை ஏற்ற எஞ்சின் குடித்த டீசலெல்லாம் உச்சியில் உயரமாக வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது அது எங்காவது போயே ஆகவேண்டும். கியரில் பிடித்தால் எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கில் பிடித்தால் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம் சூடாக வாங்கிக்கொள்ளும். இரண்டும் வாங்காவிட்டால் வேகமாகும். வேறு போக்கிடம் கிடையாது.

சோரோபாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்காது. கடைசி வளைவைத் தாண்டினால் ஆற்றுப் பாலம் வரை நேர்ச் சாலை, ஒரே சரிவு. அங்கே வந்ததும் நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியைப் பறக்கவிடுவார். அவர் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கடவுள் ஊற்றுகிற டீசல் என்பார்கள்.

அந்த வசந்தத்தில் அவர் பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெரிய லாரி ஒன்றைப் பிடித்து வந்தார். பழையதைப் போல இரண்டு மடங்கு கரி ஏறும். வந்த அன்றைக்கே சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி வாக்குவாதம்.

"மாமா, இந்த வண்டியில நியூட்ரல் வேணாமே," என்றாள் சைராகுல், தேநீர்க் கிண்ணத்தை இரு கையாலும் நீட்டியபடி.

"ஏம்மா? பாரம் கூடினா வண்டி வேகமா ஓடிடுமா? ஒரு கல்லையும் ஒரு குண்டுக்கல்லையும் மேலேர்ந்து போடு. ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். இது எனக்கும் தெரியும்."

"வேகம் ஒண்ணுதான் மாமா. நிறுத்தறதுதான் ஒண்ணு இல்ல. ரெண்டு மடங்கு பாரம்னா பிரேக் ரெண்டு மடங்கு சூட்டை முழுங்கணும். டிரம் என்ன ரெண்டு மடங்கா இருக்கு?"

"நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்."

"கியர்ல போட்டுக் காலை எடுத்துட்டா எஞ்சின் குடிக்காது மாமா. மலைதான் அதைச் சுத்த வைக்கும். நியூட்ரல்லதான் சும்மா நின்னு சுத்தறதுக்குக் குடிக்கும்."

சோரோபாய் கிண்ணத்தை வாங்கினார். "நல்லாப் படிச்சிருக்கே," என்றார். கோபமில்லை. ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. மருமகள் இதற்குமேல் வாதாட முடியாது. மாமியார் தோத்துயா மட்டும் கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த கிண்ணத்தை ஊற்றினாள்.

இலையுதிர்காலம் வந்தது. மேலே வானம் கறுத்து, இன்றோ நாளையோ கணவாய் மூடிவிடும் என்று எல்லோரும் அடித்துப் பிடித்துக் கரி ஏற்றினார்கள். அன்று மதியம் சோரோபாய் பக்கப் பலகை உயரத்துக்கும் மேலே குவியலாக ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பனி முந்திவிடுமோ என்ற அவசரத்தில் வளைவுகளிலும் பெரிய கியரிலேயே, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினார். சைராகுல் தன் வழக்கப்படி பின்னால் உறுமிக்கொண்டு வந்தாள்.

கடைசி வளைவில் திரும்பியதும் நாற்றம் மூக்கில் ஏறியது. கம்பளி கருகுகிற மாதிரி நாற்றம். தூரத்தில் மாமனார் வண்டியின் நான்கு பக்கமும் வெள்ளைப் புகை.

ஓட்டுநர்கள் பேசிக்கொள்கிற வாக்கி-டாக்கியில் கல்மாத் கத்தினான். அவன் காலி வண்டியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். "பெரியவரே, மெதுவா! பாலத்துல ஆடு! மேய்ச்சல்லேர்ந்து இறங்குறாங்க. பாலம் முழுக்க ஆடு, ஆளுங்களும் இருக்காங்க!"

பிறகு சோரோபாயின் குரல், ரொம்ப அமைதியாக வந்தது. "பிரேக் இல்லைடா. கியரும் விழமாட்டேங்குது."

விழாது. நேர்ச் சாலை வந்ததும் வழக்கம்போல நியூட்ரலில் தள்ளியிருக்கிறார். அந்த வேகத்தில் ஓடுகிற சக்கரத்தோடு எந்தக் கியரும் பல் கோக்காது. சரிவில் பாதிகூட இன்னும் முடியவில்லை. மீதி உயரம் அத்தனையும் வேகமாக மாறப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதைப் பிடித்து நிறுத்த நான்கு மடங்கு வேண்டும். பிடிப்பதென்றால் இப்போது பிடிக்க வேண்டும்.

"நான் பாறைப் பக்கம் சாய்ச்சுடறேன்," என்றார் சோரோபாய். "ஆளுங்க மேல விடமாட்டேன். தோத்துயாகிட்ட…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பாறைப் பக்கம் சாய்த்தால் பின்னாலிருக்கிற கரி முழுவதும் கேபினுக்குள் வரும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சைராகுல் கிளட்ச்சை மிதித்துக் கியரை மேலே தள்ளினாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. இத்தனை வருஷமாக எஞ்சினுக்குத் தின்னக் கொடுத்த உயரத்தை அன்றைக்கு முதல்முறையாக வேகமாக மாற விட்டாள். மலை அவளைப் பிடரியில் கைவைத்துத் தள்ளியது. போதாதென்று அவளும் ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஸ்டீயரிங் கையில் துடித்தது.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய பிரேக் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது. உச்சியிலிருந்து இதுவரை அதற்கு வேலையே வைக்கவில்லை. மாமனார் வண்டியின் டிரம் இனி ஒரு கரண்டிச் சூடு வாங்காது. அவளுடையதோ, முன்னால் போய் முதுகைக் கொடுத்தால், இரண்டு வண்டிக்கும் சேர்த்து வாங்கும். வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

அவர் வண்டியின் பின்பலகை கிட்டே வந்தது. பக்கத்தில் சாலை காலி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முந்திவிடலாம். அந்த இடத்தில் அவள் கை ஒரு கணம் திரும்ப மறுத்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உயிர் போகிற நேரத்திலும் கை அப்படித்தான் மறுத்தது. அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து பழக்கிய கை.

கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டார் அவர். "முன்னாடி வராதே! பின்னாலயே இரு! உனக்குப் புள்ளைங்க இருக்கும்மா. சொல்றேன்ல!"

"மன்னிச்சுக்குங்க மாமா," என்றாள் சைராகுல். "வழியை வெட்டுறேன்."

திருப்பினாள். இரண்டு கேபினும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை. தொப்பியில்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. நரைத்த தலையோடு யாரோ ஒரு வயசானவர் மாதிரி இருந்தார். அவள் தாண்டிப் போனாள்.

இனி முக்கியமானது வேகமில்லை, வேகத்தில் உள்ள வித்தியாசம். இரண்டு வண்டியும் சமமாகப் போனால் தொடுவது கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கண்ணாடியில் அவர் வண்டியின் மூக்கு பெரிதாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நேராப் பிடிங்க. நேரா மட்டும் பிடிங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியில் அந்த மூக்கு நூல் பிடித்தாற்போல நேராக வந்தது. சோரோபாய் நேராகப் பிடிப்பதில் சூரர், அதை யாரும் மறுக்க முடியாது.

இரும்பு இரும்பைத் தொட்டது. தட்டல் இல்லை, நல்ல இடிதான். அவள் வண்டியின் பின்பலகை பிய்ந்து, கரி அவர் முகப்பின் மேல் கொட்டியது. முதுகுக்குப் பின்னால் ஒரு மலையே சாய்ந்து நின்று தள்ளியது. சைராகுல் பிரேக்கை மிதித்தாள். ஒரேயடியாக மிதிக்கவில்லை. மாவு பிசைகிற மாதிரி அழுத்தி, அழுத்தி, விடாமல். வேகம் கொஞ்சம் இறங்கியதும் கியரை ஒன்று இறக்கினாள். எஞ்சின் அலறியது. இன்னும் இறங்கியது. இன்னொரு கியர். காலுக்குக் கீழே சக்கரங்கள் புகைய ஆரம்பித்தன. பாலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆடுகளின் கொம்புகள் தெரிந்தன. ஒரு மேய்ப்பன் குதிரையைத் திருப்ப முடியாமல் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கிக்கோ," என்று அவள் வண்டியிடம் சொன்னாள். "வாங்கிக்கோ, வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டது. பாலத்தின் முதல் கல்லுக்கு முன்னால் இரண்டு லாரியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கிடா வந்து அவள் வண்டியின் முன்சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

அவள் கதவைத் திறந்து குதித்தாள். ஆற்றிலிருந்து ஒருவன் வாளியில் தண்ணீர் மொண்டு ஓடி வந்தான். "ஊத்தாதே!" என்று கத்தினாள். "டிரம் வெடிச்சிடும். அதுவா ஆறட்டும். போய்ச் சக்கரத்துக்குக் கல்லு வை!"

சோரோபாய் இறங்கி வந்தார். புகைகிற சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா. நம்ம மலை மொத்தமும் இப்ப அதுக்குள்ளதான் இருக்கு."

அவர் கையை எடுக்காமல் அந்த வெக்கையில் அப்படியே காட்டிக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் சைராகுலுக்கு அழுகை வந்தது. அவர் பிழைத்த சந்தோஷம் பாதி, அவர் பேசாதது பாதி.

அவர் வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இரண்டு வண்டியையும் எர்மெக்கும் கல்மாத்தும் முற்றத்தில் படுத்துக்கொண்டு பழுது பார்த்தார்கள். கல்மாத், கிண்டலெல்லாம் மறந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பாலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் சைராகுலைத் தூக்கி வைத்துப் பேசியது. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. மாமனார் அவள் நீட்டிய கிண்ணத்தை வாங்குகிறார், குடிக்கிறார், எழுந்து போகிறார். அத்தனை பேர் பார்க்க மருமகள் வழியை வெட்டிவிட்டாள், சொன்ன சொல்லையும் மீறினாள். இனி எப்படி அந்த வண்டிக்குப் பின்னால் போய் நிற்பது? அவர் கண்ணாடியில் பார்ப்பாரா, மாட்டாரா? அந்த மலையில் வண்டி ஓட்டுவதைவிட அந்தக் கண்ணாடிப் பார்வை அவளுக்கு முக்கியமாக இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மாமியாரிடம் சொல்லி அழுதாள். தோத்துயா பால் கறந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வழியை வெட்டுனது தப்புதான்டி. யாரு இல்லேன்னா? வெட்டாம விட்டிருந்தா நான் இப்ப இங்க உக்காந்து ஒப்பாரி வெச்சிட்டிருப்பேன். அழுவாம போய்ப் புல்லு போடு."

கணவாய் அந்த வாரம் மூடவில்லை. கறுத்த மேகம் சும்மா மிரட்டிவிட்டுப் போய்விட்டது. வண்டிகள் சரியானதும் இருவரும் மறுபடி சுரங்கத்துக்குப் போனார்கள். அவருக்கு முதலில் கரி ஏறியது. வாசலுக்கு வந்தவர் புறப்படாமல் ஓரம் கட்டி நிறுத்தினார். சைராகுல் பின்னால் வந்து நிறுத்தினாள். அவர் போகவில்லை. அவளும் போகவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஹாரன் மேல் ஹாரன்.

கல்மாத் தலையை நீட்டினான். "ரெண்டு பேரும் இங்கயே குளிர்காலத்தைக் கழிக்கப் போறீங்களா? நான் கம்பளி கொண்டாரலையே!"

சோரோபாய் இறங்கி அவள் கேபினுக்குக் கீழே வந்து நின்றார். அவள் அவசரமாக இறங்கப் போனாள். கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை பேர் முன்னால் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா," என்றார்.

"நீங்க போங்க மாமா. நான் எப்படி…"

"மலையில மூத்தது யாருன்னு அன்னிக்குப் பாத்துட்டேன்." தொப்பியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இனிமே உன் வழியை நான் வெட்டமாட்டேன். போ."

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாமனார் மருமகளிடம் அப்படிச் சொல்லி அந்த மலையில் யாரும் கேட்டதில்லை. சைராகுல் கியரைப் போட்டாள். வண்டி அவரைத் தாண்டி, அவருடைய வண்டியைத் தாண்டி வாசலைக் கடந்தது.

உச்சி தாண்டி, அவள் இறங்குகிற அதே கியரில் பெரிய வண்டியும் உறுமிக்கொண்டு பின்னால் இறங்கியது. காய்ந்த சாலை. அவள் சக்கரம் கிளப்பிய மண்ணெல்லாம் அவர் முகப்புக் கண்ணாடியில் போய் அப்பியது. கல்மாத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"என்ன பெரியவரே," என்றது வாக்கி-டாக்கி, "இந்த வயசுல மருமக கிளப்புற புழுதியைத் தின்னுட்டு வரீங்களே?"

"தின்னுறேன்டா," என்றார் சோரோபாய், கணவாய் முழுக்கக் கேட்கும்படி. "இந்தப் புழுதி தின்னக் குடுத்து வெச்சிருக்கணும். நீ தள்ளிப் போ, உனக்குக் கிடையாது."